முதல்ல இருந்து சொல்லுங்க

எண்பதுகளின் நடுவில், கடத்தூரில் என்னை அதிகம் கோபப்படுத்திய மனிதர் யார் என்று கேட்டால் நான் யோசிக்கவே மாட்டேன். சர்வேயர்தான். உரக்கடையில் உட்கார்ந்து ஊர்ப்பட்ட விவசாயிகளோடு மல்லுக்கு நின்றவன் நான். யூரியா வரவில்லை என்று என் சட்டையைப் பிடித்தவர்கள் உண்டு. அவர்கள் மேலெல்லாம் வராத கோபம் இந்த ஒற்றை மனிதர் மேல் வரும். அதுவும் ஞாயிற்றுக்கிழமை மதியம், வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, விளையாடலாம் என்று நானே தேடிப்போய் வாங்கிக்கொள்கிற கோபம்.

விளையாட்டுக்கு ‘நாலு கோட்டை’ என்று பெயர். அவரே கண்டுபிடித்தது. நிலம் அளக்கப் போன இடங்களில், சங்கிலி பிடிக்கும் ஆள் வரத் தாமதமானால் மரத்தடியில் உட்கார்ந்து யோசித்ததாம். நாலு பேர் ஆடலாம். ஆளுக்கொரு கோட்டை, ஆளுக்குக் கொஞ்சம் படை. ஒருவர் மாற்றி ஒருவர் படையை நகர்த்தி, அடுத்தவன் கோட்டையைப் பிடிக்க வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நானும் அப்படித்தான் ஏமாந்தேன்.

பலகை அவர் வீட்டு உள் அறையில் தரையில் கிடக்கும். அதை நாங்கள் யாரும் பார்க்கக் கூடாது. அறை வாசலில் பழைய வேட்டி ஒன்றைத் திரையாகக் கட்டியிருப்பார். எதிராளி படை எங்கே நிற்கிறது என்று ராஜாவுக்கு எப்படித் தெரியும் என்பது அவர் கட்சி. பலகையின் படத்தைத் தாளில் வரைந்து ஆளுக்கொன்று கொடுத்திருந்தார். நம் படை இருக்கும் இடத்தில் நாம் புளியங்கொட்டை வைத்துக்கொள்ளலாம். நம் முறை வந்தால் திரைக்கு முன்னால் போய் நின்று உத்தரவு சொல்ல வேண்டும். அவர் உள்ளே உட்கார்ந்து கேட்டு, பலகையில் படையாக வைத்திருக்கும் சோடா மூடிகளை நகர்த்துவார்.

கட்டங்களுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக எண் போட்டிருந்தால் சின்னப் பிள்ளைக்கும் புரிந்திருக்கும். இவர் சர்வே நம்பர் போட்டிருந்தார். முப்பத்தொன்றுக்குப் பக்கத்தில் முப்பத்திரண்டு இருக்காது. நூற்றுப்பன்னிரண்டு இருக்கும். முப்பத்திரண்டைத் தேடினால் படத்தில் வரைந்திருக்கும் ஏரிக்கு அந்தப் பக்கம் தனியாகக் கிடக்கும். இது என்ன கூத்து என்று கேட்டேன்.

“நெலம் அப்படித்தானுங்க இருக்குது. பாகம் பிரிக்கப் பிரிக்க நம்பரு எங்கியோ போயிருதுங்க” என்றார்.

“வெளையாட்டுக்கு எதுக்குங்க பாகப் பிரிவினை?” என்றேன். அவருக்குப் பதில் இருக்கிற கேள்விகளுக்கு மட்டும்தான் அவர் காது கேட்கும்.

உத்தரவு சொல்வதற்கு ஒரு முறை வைத்திருந்தார். முதலில் யாருடைய படை. பிறகு எந்தக் கட்டத்திலிருந்து. பிறகு எந்தக் கட்டத்துக்கு. பிறகு எத்தனை பேர். கடைசியில் ‘முடிந்தது’ என்று சொல்ல வேண்டும். சொன்னதும் அவர் முழுவதையும் திருப்பிச் சொல்லி, “சரிங்களா?” என்று கேட்பார். நாம் ‘சரி’ என்று சொல்ல வேண்டும். ‘ம்’ என்றால் செல்லாது. ‘ஆமா’ செல்லாது. தலையாட்டினால் திரைக்கு அந்தப் பக்கம் எப்படித் தெரியும் என்று நினைக்காதீர்கள். இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருப்பார். பார்த்துவிட்டு, “வாயால சொல்லுங்க” என்பார்.

ஏதாவது ஒன்று முன்பின்னாகப் போனால், “தப்புங்க. முதல்ல இருந்து சொல்லுங்க.” அவ்வளவுதான்.

“என்ன தப்பு?” என்று கேட்போம்.

“அது நான் சொல்லக் கூடாதுங்க.”

எது தப்பு என்று தெரியாமல் எதைத் திருத்துவது? மூன்று படை ஒரே பக்கம் போகிறது, மொத்தமாக நகர்த்துங்கள் என்றால் கேட்கமாட்டார். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக முழு உத்தரவு வேண்டும். ஒரு படை சும்மா நிற்கட்டும் என்றால் அதற்கும், “இன்னார் படை, இன்ன கட்டம், இருக்கட்டும், முடிந்தது.” சரி என்று சொல்லிவிட்டால் திரும்ப வாங்க முடியாது. இதில் உச்சம் என்னவென்றால், கோட்டை விழுந்து ஆட்டத்தை விட்டே போனவனுக்கும் முறை உண்டு. மெடிக்கல் ஷாப்காரர் ஒருமுறை ஆரம்பத்திலேயே தோற்றுவிட்டார். பாவம், கடையை மூடிவிட்டு ஞாயிறு ஞாயிறு வந்து திரை முன்னால் நின்று, “எனக்குப் படை இல்லை. முடிந்தது. சரி” என்று சொல்லிவிட்டுப் போக வேண்டியிருந்தது. அவர் வராவிட்டால் ஆட்டம் நகராது. ஆள் இல்லாமல் ஒரு முறையைத் தாண்டிப் போவது என்பது சர்வேயர் அகராதியிலேயே கிடையாது.

நாலாவது ஆட்டக்காரர் சர்வேயரின் மனைவி. நாங்கள் அக்கா என்போம். எங்கள் எல்லோரையும்விட நன்றாக ஆடுவார். அடுப்பில் பணியாரத்தை வைத்துவிட்டு அங்கிருந்தே, “எம் படை பதினாலுல இருந்து நாப்பதுக்கு, ஏழு பேரு, முடிஞ்சுது!” என்று கத்துவார். கரண்டியோடு எழுந்து வந்து திரை முன் நின்று சொன்னால்தான் சோடா மூடி நகரும்.

“கட்டின பொண்டாட்டி கொரலு தெரியாதா இந்த மனுசனுக்கு? பணியாரம் கருகுது” என்பார் அக்கா.

“கொரலு தெரியுதுங்க. ஆளு தெரியலீங்களே” என்பார் அவர். மனைவியையும் ‘ங்க’ போட்டுத்தான் பேசுவார். அதனால் அக்காவுக்கு இன்னும் கோபம் வரும்.

விளையாட்டில்தான் இப்படி என்றால் பொறுத்துக்கொள்ளலாம். ஒருநாள் ஓட்டலில் அவரையும் சேர்த்து நாலு பேர் உட்கார்ந்திருந்தோம். நான் எல்லோருக்கும் சேர்த்து, “நாலு முட்டை தோசை” என்று சொல்லிவிட்டேன். வந்தது. மூன்று பேர் சாப்பிட்டோம். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். ஏன் என்று கேட்டால், “நான் எதுவும் சொல்லலீங்களே” என்கிறார். அவருக்கு முட்டை தோசை பிடிக்கும். அது எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். சப்ளையரைக் கூப்பிட்டு, தன் வாயால் முட்டை தோசை என்று சொல்லிவிட்டு, அதே தோசையை ஆறிய பிறகு சாப்பிட்டார்.

நல்லம்பள்ளிப் பக்கம் அண்ணன் தம்பி இரண்டு பேருக்கு நிலம் பிரித்துக் கல் நடப் போனார். தம்பி நின்றுகொண்டு, “அண்ணனும் சரின்னுட்டாருங்க, நீங்க நட்டுருங்க” என்றிருக்கிறான். அண்ணன் காய்ச்சலில் வீட்டில் படுத்திருந்தார். சுற்றி நின்ற ஊரே ஆமா ஆமா என்றது. இவர் சங்கிலியைச் சுருட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். அண்ணன் எழுந்து வந்து, வரப்பில் நின்று, வாயைத் திறந்து சொன்ன பிறகுதான் கல் இறங்கியது. அதற்குள் அந்த ஊர்க்காரர்கள் இவரைத் திட்டாத திட்டில்லை.

எல்லாவற்றையும்விட, அக்காவின் தங்கை கல்யாணம். மாதா கோவிலில் கல்யாணப் பூசை நடக்கிறது. இவர்தான் சாட்சி. சாமியார் பெண்ணைப் பார்த்துச் சம்மதமா என்று கேட்டார். பெண் தலையைக் குனிந்து லேசாக ஆட்டியது. சாமியார் அடுத்ததுக்குப் போக வாயெடுத்தார். இவர் பக்கத்தில் நின்று, “ஃபாதர், பொண்ணு இன்னும் சொல்லலீங்க” என்றார். கோவில் முழுக்கக் கேட்டது. பாட்டுப் பாடுகிறவர்கள் உட்பட எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். மாப்பிள்ளைக்கு வேர்த்துவிட்டது. அந்தப் பெண் நிமிர்ந்து, மாப்பிள்ளையை அப்போதுதான் முதல்முறை பார்ப்பதுபோல் பார்த்து, கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டு, “சம்மதம்” என்று வெளியே பந்தலில் இருந்தவர்களுக்கும் கேட்கும்படி சொன்னது.

அக்கா பல நாள் அவரோடு பேசவில்லை. பிறகு எங்கள் முன்னாலேயே ஒருநாள் கேட்டார். “அவ மட்டும் இல்லைன்னு சொல்லியிருந்தா என்னா பண்ணியிருப்பீங்க?”

“இல்லைங்கறதையும் காதுல கேட்டிருப்பனுங்க” என்றார்.

இந்த மனிதரோடு அதிகம் சண்டை போட்டவன், எங்கள் ஆட்டத்தின் மூன்றாவது ஆளான தங்கராசு. புளி மண்டியில் ஏலம் விடுகிறவன். என் வயதுதான், என் சேக்காளி. அவன் வாய்க்கு ஈடு கிடையாது. மூட்டையைப் பிரித்து ஒரு கை புளியை எடுத்துக் காட்டும்போதே விலை கிடுகிடுவென்று ஏறியிருக்கும். வியாபாரி மூக்கைச் சொறிந்தால்கூட அதையும் ஒரு ஏலக் கேள்வியாகச் சேர்த்துவிடுவான் என்று கேலி பேசுவோம். அப்படிப்பட்டவனைத் திரை முன் நிறுத்தி, முதல்ல இருந்து சொல்லுங்க என்றால் எப்படி இருக்கும்? அவன் அவசரத்தில் எப்போதும் படையை முதலில் சொல்லாமல் கட்டத்தை முதலில் சொல்லிவிடுவான்.

“தப்புங்க.”

“யோவ் சர்வேயரே, நீ மனுசனா மெசினாய்யா?”

“அது உத்தரவு இல்லீங்க. முதல்ல இருந்து சொல்லுங்க.”

ஒவ்வொரு ஞாயிறும் இதே பாட்டு. இனி இந்த வீட்டு வாசல் மிதிக்கமாட்டேன் என்று கிளம்புவான். அடுத்த ஞாயிறு எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருப்பான்.

ஒரு கார்த்திகையில் ஆட்டம் நல்ல சூட்டில் இருந்தது. என் படை தங்கராசின் கோட்டை வாசலில் நின்றது. அவன் முறை முடிந்து என் முறை வந்தால் அவன் கதை தீர்ந்தது. அன்று நேரமாகிவிட்டதால், அடுத்த ஞாயிறு அவன் முறையிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று எழுந்தோம். அந்த வாரத்தில்தான் தங்கராசு பொம்மிடியிலிருந்து மொபெட்டில் வரும்போது, முன்னால் போன கரும்பு வண்டியில் மோதி விழுந்தான். தலையில் அடி. சேலத்துக்குக் கொண்டுபோனார்கள்.

உயிர் பிழைத்தான். கை கால் பழுதில்லை. பேச்சுதான் போயிருந்தது. முழுக்கப் போகவில்லை, ஒரு வார்த்தைக்கு வாயைத் திறந்தால் அது வந்து சேர ஒரு யுகம் ஆனது. பேச்சு மெதுவா வரும், பேச விடுங்க என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். யார் விட்டோம்? அவன் வாயைத் திறந்ததும் அவன் பெண்டாட்டி, “தண்ணியா? காப்பியா? சாஞ்சுக்கறீங்களா?” என்று அடுக்குவாள். அவன் ஏதோ ஒன்றுக்குத் தலையாட்டுவான். நான் பார்க்கப் போனால், அவன் கஷ்டப்படுவது பொறுக்காமல் கேள்வியும் நானே கேட்டு பதிலும் நானே சொல்லிவிட்டு வருவேன். அவன் மச்சான் ஒருத்தன் எப்போதும் பக்கத்திலேயே இருந்தான். நல்லவன்தான். “மாமா என்ன சொல்றாருன்னா” என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் அவனே சொல்லிவிடுவான். கொஞ்ச நாளில் தங்கராசு வாயைத் திறப்பதையே நிறுத்திக்கொண்டான். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். மண்டையிலே ஒன்றும் நிற்கவில்லை போலிருக்கிறது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மண்டியில் மச்சானை நிறுத்தியிருந்தார்கள். மண்டிக்காரர் நேராகவே சொல்லிவிட்டார்: “மாசியில புளி வர ஆரம்பிக்கும். அதுக்குள்ள தங்கராசுக்கு வாய் வந்தா அவன் எடம் அவனுக்கு. இல்லாட்டி மச்சானே இருந்துக்கட்டும்.” ஏலம் விடுவதைத் தவிர வேறு தொழில் தெரியாதவன் தங்கராசு.

இதற்கிடையில் ஞாயிற்றுக்கிழமைகளில் சர்வேயர் வீட்டில் என்ன நடந்தது என்று சொல்ல வேண்டும். ஒன்றும் நடக்கவில்லை. நாங்கள் போவோம். உட்காருவோம். அவர் திரைக்குப் பின்னால் போய், “தங்கராசு முறைங்க” என்பார். கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு வெளியே வந்து, “இன்னிக்கு அவ்வளவுதானுங்க” என்பார். சுண்டல் தின்றுவிட்டு எழுந்து வருவோம்.

“அவன் முறையைத் தாண்டிப் போகலாங்க” என்றேன்.

“அவரு வருவாருங்க.”

“அவனுக்கும் சேத்து நான் ஆடறனே” என்றார் மெடிக்கல்காரர்.

“நீங்க அவரு இல்லீங்களே.”

“ராகி மூட்டை வெக்க வூட்டுல எடம் இல்ல. மூணு பேரு ஆடற ஆட்டத்துக்கு ஒரு ரூமு. எலி வேற வந்து உங்க சேனையைத் தின்னுட்டுப் போவுது” என்றார் அக்கா. மறுநாளே பலகையைச் சுற்றி எலிப்பொறி வைத்தார் அவர். பலகையை எடுக்கவில்லை.

எனக்கு வயிறு எரிந்தது. ஒரு முறை, ஒரே ஒரு முறை தாண்டினால் நான் ஜெயித்திருப்பேன்.

தை மாதம் ஒரு ஞாயிறு, மச்சான் கையைப் பிடித்துக்கொண்டு தங்கராசு வந்தான். வீட்டிலேயே கிடக்கிறார், கொஞ்சம் காற்றாட இருக்கட்டும் என்று கூட்டி வந்ததாக மச்சான் சொன்னான். அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. சர்வேயர் அவனைப் பார்த்து, நேற்றுத்தான் பார்த்தவர்போல், “வாங்க” என்றார். திரைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார். “தங்கராசு முறைங்க.”

எங்களுக்குச் சங்கடமாகிவிட்டது. மச்சான் எழுந்து போய், “மாமா ஒண்ணும் நகத்தலைங்க. எல்லாம் அப்படியே இருக்கட்டும்ங்கறாரு” என்றான்.

“அவரு சொல்லட்டுங்க.”

“அவருக்குப் பேச்சு வராதுங்க, உங்களுக்குத் தெரியாதா?”

“தம்பி, நீங்க செத்த நேரம் வெளியே இருங்க” என்றார் அவர்.

தங்கராசு எழுந்து போய்த் திரை முன்னால் நின்றான். கையிலிருந்த படத்தில் ஒரு கட்டத்தை விரலால் தொட்டு, இன்னொரு கட்டத்துக்கு இழுத்துக் காட்டினான். இடுக்கு வழியாக அவர் பார்த்தார்.

“வாயால சொல்லுங்க.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “ஏங்க, உங்களுக்குக் கண்ணு இல்லையா? கையைக் காட்டறான் இல்ல?” என்று கத்தினேன். மெடிக்கல்காரர் எழுந்து நின்றுவிட்டார். “போதும், விட்டுருங்க” என்று அக்கா கெஞ்சினார். திரைக்கு அந்தப் பக்கமிருந்து “அவரு முறைங்க” என்று மட்டும் சத்தம் வந்தது.

தங்கராசுக்கு முகம் சிவந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. வாய் கோணி, எச்சில் வழிந்து, எங்கிருந்தோ இழுத்துக்கொண்டு வந்ததுபோல் ஒரு சத்தம் வந்தது.

“மெ... மெசி... மெசினு.”

நாங்கள் திரையைப் பார்த்தோம்.

“அது உத்தரவு இல்லீங்க. முதல்ல இருந்து சொல்லுங்க.”

தங்கராசு சிரித்தான். விபத்துக்குப் பிறகு அவன் சிரித்து நான் பார்க்கவில்லை. சிரித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, திரைக் கம்பைப் பிடித்து நின்று ஆரம்பித்தான். தங்கராசு படை என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆனதோ தெரியாது. கட்டத்தைச் சொல்லும்போது நாக்கு இடறி நின்றுவிட்டான். உள்ளேயிருந்து எந்தக் குரலும் எடுத்துக் கொடுக்கவில்லை, அவசரப்படுத்தவும் இல்லை. நான் வாயைத் திறந்தேன். அக்கா என் கையில் கிள்ளினார். இரண்டாவது தடவை எத்தனை பேர் என்பதை விட்டுவிட்டான். “தப்புங்க. முதல்ல இருந்து சொல்லுங்க.” அந்த நேரத்தில் சர்வேயர் மட்டும் திரைக்கு இந்தப் பக்கம் இருந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. டீ ஆறிப்போனது. வெயில் ஜன்னலை விட்டு இறங்கியது. மச்சான் வாசலில் நின்று அழுதுகொண்டிருந்தான்.

“தங்க... ராசு... படை. முப்பத்... தொண்ணுல... இருந்து. நூத்தி... நூத்திப்... பன்னெண்டுக்கு. ஆறு... பேரு.” நின்றான். மூச்சு வாங்கினான். “முடிஞ்... சுது.”

அவர் முழுவதையும் திருப்பிச் சொன்னார். அதே குரல், அதே வேகம். “சரிங்களா?”

தங்கராசு தலையாட்டினான். பிறகு அவனே நினைவு வந்தவனாகக் கையை உயர்த்தி, “சரி” என்றான். அந்த ஒரு வார்த்தை இடறாமல் வந்தது.

உள்ளே சோடா மூடிகள் நகரும் சத்தம் கேட்டது. “நூத்திப்பன்னெண்டு. கோட்டை விழுந்துதுங்க.”

என் கோட்டை.

பாழாய்ப்போன முப்பத்தொன்று, என் கோட்டைச் சுவரை ஒட்டித்தான் இருந்தது. அந்த நம்பர் குளறுபடியில் நான் அதைக் கவனிக்கவே இல்லை. தங்கராசு கார்த்திகையிலேயே கவனித்திருக்கிறான். ஆஸ்பத்திரிக் கட்டிலிலும், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த நாட்களிலும், மண்டையில் ஒன்றும் இல்லை என்று நாங்கள் பேசியது அவன் காதில் விழுந்தபோதும், அந்தப் பாவி என் கோட்டையைத்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறான். எனக்கு அழுகை வந்தது. கோட்டை போன ஆத்திரமும் சேர்ந்தே வந்தது.

அதற்குப் பிறகு ஞாயிறு ஞாயிறு வந்தான். மச்சான் வெளியிலேயே உட்கார்ந்துகொண்டான். வீட்டிலும் அவன் பெண்டாட்டி, அவன் பேசி முடிக்கும்வரை புடவைத் தலைப்பை வாயில் கடித்துக்கொண்டு காத்திருக்கப் பழகினாள். சர்வேயர் வேண்டுமென்றேதான் அப்படிச் செய்தாரா, அல்லது அவருக்கு வேறு மாதிரி இருக்கத் தெரியாதா? ஒருநாள் கேட்டேவிட்டேன்.

“அவரு முறைங்க. வேற என்னா பண்றது?” என்றார். அவர் முகத்திலிருந்து எதையாவது கண்டுபிடிக்க முடிந்தால் நான் ஏன் இத்தனை வருஷம் கழித்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்?

மாசியில் புளி வந்தது. முதல் ஏலத்தன்று மண்டியில் தங்கராசு ஏறி நின்றான். பழைய வேகம் இல்லை. ஒரு மூட்டைக்கும் அடுத்த மூட்டைக்கும் நடுவில் வியாபாரிகள் பீடி பற்றவைத்துக்கொண்டார்கள், சிலர் முணுமுணுத்தார்கள். ஒரு விலை தொண்டையில் சிக்கியபோது கீழே நின்ற மச்சான் சட்டென்று எடுத்துக் கொடுத்தான். தங்கராசு அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மூட்டையைத் தட்டி, விலையை முதலிலிருந்து சொன்னான். மண்டிக்காரர் கணக்குப்பிள்ளையிடம் அன்றைய சீட்டில் தங்கராசின் பெயரைப் போடச் சொன்னார்.

மறுநாள் ஞாயிறு. சர்வேயர் வீட்டுக்குப் போனேன். போகாமல் இருக்க முடியாதே. என் கோட்டை விழுந்துவிட்டது. ஆனால் என் முறை விழவில்லை. திரை முன்னால் போய் நின்று, எரிச்சலில் வாய்க்குள்ளேயே, “படை இல்லை, முடிஞ்சுது” என்று முனகினேன்.

உள்ளேயிருந்து அவர் ஏதோ சொல்லும் முன், என் முதுகுக்குப் பின்னால் ஒரு குரல் எழுந்தது. முந்தின நாள் ஏலம் விட்டுக் கரகரத்த குரல். ஒவ்வொரு வார்த்தையாக, நிதானமாக, நான் திரும்பிப் பார்க்கும்வரை காத்திருந்து முடித்தான் தங்கராசு.

“தப்புடா. முதல்ல... இருந்து... சொல்லு.”